பெயர் போடாத சாவி

செத்துப்போன ஒருவன் மேல் நீங்கள் எப்போதாவது பொறாமைப்பட்டிருக்கிறீர்களா?

உயிரோடு இருப்பவன் என்றால் வழி இருக்கிறது. சட்டையைப் பிடித்துச் சண்டை போடலாம். நாலு பேரிடம் அவனை மட்டமாகப் பேசலாம். ஒன்றும் முடியாவிட்டால், அவனுக்கும் ஒருநாள் தொப்பை விழும், முடி கொட்டும் என்று காத்திருக்கலாம். செத்தவனுக்கு இதெல்லாம் கிடையாது. குறட்டை விட மாட்டான். எரிந்து விழ மாட்டான். செத்த அன்று எப்படி இருந்தானோ அப்படியே இருப்பான்.

என் மனைவிக்கு நான் இரண்டாவது புருஷன்.

முதல் புருஷன் செல்போன், டிவி எல்லாம் ரிப்பேர் பார்த்தவன். மழையில் பைக் சறுக்கிப் போய்ச் சேர்ந்தான். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவள் அவனுடைய போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி, அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். நான் கேட்கவில்லை. அவளாகவே செய்தாள். ஆனால் ஒரு பெட்டியை மட்டும் துணிமணியோடு என் வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

பழுதான ஸ்டெபிலைசர் ஒன்றின் குடலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டை வைத்து, அந்தக் காலத்து வீடியோ கேம்களை எல்லாம் ஏற்றி அவன் கையாலேயே செய்த பெட்டி. டிவியோடு இணைத்து இரண்டு கன்ட்ரோலரைச் சொருகினால் போதும், பழைய டிங்டிங் இசையோடு ஆட்டம் ஆரம்பித்துவிடும்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா ஓடுது. ஓடறத தூக்கியா போடுவாங்க?" என்றாள். நியாயமான பதில்தான். என்னால்தான் அதை விழுங்க முடியவில்லை.

பிறகு எனக்கு இந்த வேலை கிடைத்தது. கடல் தாண்டி, ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில். வந்து இறங்கிய அன்று சூப்பர்வைசர் என்னைக் கீழே, கீழே என்று படிக்கட்டில் கூட்டிக்கொண்டே போனார். சலவைக்கூடத்துக்கும் கீழே எங்கள் அறை. பழைய கட்டடம், ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் மதியம் கூட நடுராத்திரிதான். தலைக்கு மேல் மெஷின்கள் சுற்றும் அதிர்வு கட்டிலின் இரும்புக் காலில் எந்நேரமும் இருக்கும். ஈரத்துணி, சோப்பு, சூடான இரும்பு, இந்த மூன்று வாசனையும் சுவரிலேயே ஊறிப்போயிருந்தன.

என்னோடு அதே அறையில் இருந்தவன் நீராவி பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவன். எல்லாரும் அவனை பாய்லர் என்றே கூப்பிடுவார்கள். அவன் குணமும் அதுதான், உள்ளே எதையும் அடக்கி வைக்க மாட்டான்.

போனில் பேச எனக்கும் அவளுக்கும் சீக்கிரமே விஷயம் தீர்ந்துபோனது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, அங்கே மழையா. அப்போது அவள்தான் சொன்னாள்: "அந்தப் பெட்டிய நெட்ல இணைச்சா நீங்க அங்கேருந்தே விளையாடலாமாமே? பேச ஒண்ணும் இல்லன்னாலும் சேர்ந்து இருந்த மாதிரி இருக்கும்."

வீடியோ பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். முதலில் விவரம் தெரியாமல் பெட்டியை அப்படியே இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டேன். யார் யாரோ முகம் தெரியாதவர்கள் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துக் கதவைத் தட்டினார்கள். பயந்துபோய்தான் வி.பி.என். போட்டேன். அது ஒரு மூடிய குழாய் மாதிரி. ஒரு முனையில் என் போன், மறுமுனையில் வீட்டிலிருக்கும் பெட்டி. சாவி உள்ள கருவி மட்டும்தான் குழாய்க்குள் நுழைய முடியும். சாவி கொடுப்பதும் பிடுங்குவதும் என் கையில். என் போனுக்கு ஒரு சாவி போட்டேன். அவள் அம்மா வீட்டுக்குப் போனாலும் விளையாட அவள் போனுக்கு ஒன்று.

அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அவன் செய்த பெட்டிக்கு நான் பூட்டுப் போட்டுவிட்டேன்.

வெளியே இருந்து யாரும் வராமல் பூட்டினேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

நாங்கள் விளையாடியது ஒரே விளையாட்டுதான். உயரமான கோட்டை. சிவப்பு ஆள் அவள், நீல ஆள் நான். படி படியாகத் தாவி மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு கதவு. பழைய விளையாட்டு என்பதால் ஒரு குறை உண்டு. ஒருவர் மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறிவிடும். கீழே தங்கியவர் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவார்.

"திரும்பவும் கொன்னுட்டீங்க!" என்பாள். "கொஞ்சம் நின்னாத்தான் என்ன? எப்பப் பாரு முன்னாடி ஓட்டம்."

"நீ வேகமா வரணும்."

"ஆமா, பின்னாடி நாய் தொரத்துது பாருங்க."

இப்படித்தான் முடியும். என் ஷிப்டு முடிகிற பிற்பகல் அவளுக்குச் சாயங்காலம். அறையில் விளக்கைப் போடாமல், போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு நான் ஆடுவதைப் பார்த்து பாய்லர் தலையில் அடித்துக்கொள்வான். "பொண்டாட்டிகிட்ட நாலு வார்த்த கொஞ்சிப் பேசுவியா, அத விட்டுட்டு பொம்மைய ஏணி ஏத்திக்கிட்டு இருக்க. உனக்கெல்லாம் கல்யாணம் ஒரு கேடு மச்சான்."

மழைக்காலத்தில் ஹோட்டல் நிரம்பியது. ஓவர்டைம். பல நாள் என்னால் ஆட்டத்துக்கு வர முடியவில்லை. வருத்தத்தோடு கூப்பிட்டேன்.

"இந்த வாரம் பூரா ஏமாத்திட்டேன். கோவமா?"

"எதுக்குக் கோவம்? நேத்துகூட நல்லாத்தானே ஆடினீங்க" என்றாள்.

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் குரலில் குத்தல் இல்லை. கல்யாணமானதிலிருந்து நான் கேட்காத ஒரு மென்மை இருந்தது.

அன்றுதான் வி.பி.என். பக்கத்தைத் திறந்தேன்.

அதில் சாவி வைத்திருக்கும் கருவிகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் பெட்டியோடு அவ்வப்போது கைகுலுக்கிக்கொள்ளும், 'நான்தான், இன்னும் இருக்கிறேன்' என்று சொல்வது போல. கடைசியாக எப்போது கைகுலுக்கியது என்பதும் பக்கத்திலேயே தெரியும்.

என் போன். அவள் போன்.

அதற்குக் கீழே இன்னொன்று. பெயர் இல்லை.

கடைசிக் கைகுலுக்கல்: இப்போது.

எனக்குப் பயம் வரவில்லை. எவனோ ஒருவன் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறான் என்ற எரிச்சல்தான் வந்தது. உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"வீட்டுக்கு யார் வந்தா?"

"யாரும் வரலையே."

"மாடி வீட்டுக்காரன்?"

"அவருக்கா? மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டே மூக்குக் கண்ணாடிய தேடற மனுஷன் அவரு. கரண்ட் பில்லப் படிக்கவே என்னத்தான் கூப்பிடறாரு. என்ன ஆச்சு உங்களுக்கு?"

"யார்கூட விளையாடற நீ?"

டிங்டிங் இசை பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்ககூடத்தான்" என்றாள்.

பெயரில்லாத சாவியை அழித்தேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்று அழுத்தினேன். வரிசை போய்விட்டது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் அது மறுபடி வந்திருந்தது.

அழித்தேன். வந்தது.

அழித்தேன். வந்தது.

எங்கிருந்து வருகிறான் என்று பார்த்தேன். ஒவ்வொரு கருவிக்கும் நேராக அது வெளியுலகில் எந்த இணைப்பிலிருந்து நுழைகிறது என்று ஓர் எண் இருக்கும். என் போனுக்கு நேராக இந்த ஹோட்டலின் எண் இருந்தது. பெயரில்லாதவனுக்கு நேராக இருந்த எண், ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னைத்தானே குறித்துக்கொள்ள வைத்திருக்கும் எண்.

அவன் வெளியிலிருந்து வரவில்லை. பெட்டிக்குள்ளிருந்தே கைகுலுக்குகிறான்.

அப்போதுதான் டிவி திரையை என் போனில் திறந்து பார்த்தேன். சிவப்பு ஆளும் நீல ஆளும் கோட்டையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் எதையும் தொடவில்லை. நீலம் தானாக நகர்ந்தது.

என்னைவிட நன்றாக ஆடியது.

படிக்கட்டின் விளிம்பில் வந்து நின்று சிவப்புக்காகக் காத்திருந்தது. மேலிருந்து கல் உருண்டபோது சிவப்பின் முன்னால் போய் நின்று அடியை வாங்கிக்கொண்டது. சிவப்பு தடுமாறினால் இதுவும் ஒரு படி கீழே இறங்கி வந்தது. ஒருமுறை கூடத் திரை அவளைத் தாண்டிப் போகவில்லை. ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்ற இடத்திலேயே இரண்டு முறை குதித்தது. உடனே சிவப்பும் குதித்தது. குழந்தைகள் மாதிரி. ரொம்ப நாள் பழக்கம் மாதிரி.

எனக்கு வயிறு எரிந்தது. பேய் என்று தெரிந்த பிறகும் முதலில் எரிந்தது வயிறுதான்.

அறையில் ஒரு வாசனை வந்தது.

சோப்பு வாசனை இல்லை. சூடான இரும்பும் இல்லை. ரிப்பேர் கடைகளில் ஈயத்தை உருக்கிக் கம்பியில் பற்ற வைக்கும்போது ஒரு புகை எழுமே, அது. இனிப்பும் கசப்பும் கலந்து மூக்கில் ஏறும் புகை. அது என் தலையணை அருகில் இருந்துதான் வந்தது.

குழாய்க்கு இரண்டு வாய்.

கதவு திறந்தது. அலறிவிட்டேன்.

"என்னய்யா, பேயப் பாத்த மாதிரி?" பாய்லர்தான். உள்ளே வந்தவன் மூக்கைச் சுருக்கினான். "யாரு ரூம்ல ஈயம் காச்சினது? சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுத் தொங்கவிடுவாரு."

அப்படியானால் அது என் கற்பனை இல்லை. அவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு என் கட்டிலில் உட்கார வந்தவன், தலையணையைப் பார்த்ததும் தன் கட்டிலுக்கே போய்விட்டான்.

"பொண்டாட்டிகிட்ட சொல்லி ப்ளக்கப் புடுங்கச் சொல்லு. அவ்வளவுதான?"

"ஏன்னு கேப்பா."

"சொல்லு."

"சொன்னா அவன் வந்திருக்கான்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்."

பாய்லர் தலையில் அடித்துக்கொண்டான். "அடப்பாவி. உனக்கு பேய் வந்தது பிரச்சினை இல்ல. அவ சந்தோஷப்பட்டுடுவாளோன்னு பயம்."

போனை எடுத்தேன். ஒருவனை அழித்தால் திரும்பி வருகிறான் என்றால், எல்லாரையும் தடுத்துவிட்டு எனக்கு மட்டும் வழி விட்டால் என்ன? இரண்டு கட்டளை. தூரத்திலிருந்து பெட்டியைப் பார்த்துக்கொள்கிற எவனுக்கும் முதலில் சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. முதலில் உனக்கு வழி விடு, அதன்பிறகு மற்றவர்களைத் தடு. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் திரையில் நீலம் மறுபடி இரண்டு முறை குதித்தது. சிவப்பும் குதித்தது. பொறாமை என் கண்ணை மறைத்துவிட்டது.

எல்லாரையும் தடு என்று அழுத்தினேன்.

திரை உறைந்தது. பக்கம் போய்விட்டது. எனக்கு வழி விடும் இரண்டாவது கட்டளையைக் கொடுக்க இனிக் கதவே இல்லை. அத்தனை தூரத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, என் வீட்டிலிருந்து என்னையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன்.

வெளியிலிருந்து வருகிற எல்லாரையும் அது தடுக்கும். உள்ளே இருப்பவனை அல்ல.

அவளைக் கூப்பிட்டேன். நெடுநேரம் மணி அடித்தபின் எடுத்தாள்.

"சொல்லுங்க." மூச்சு வாங்குகிற குரல். பின்னால் ஆட்டத்தின் இசை.

"நீலம் இருக்கா?"

"ம்."

"நகருதா?"

"நிக்கறாரு. நான் போன் பேசறேன்ல, அதான் நிக்கறாரு."

அவள் நாலு பேரிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போதும் மரியாதை வைத்து 'அவரு' என்பாள். செத்தவனையும் 'அவரு' என்பாள். ஆனால் என்னிடமே பேசும்போது என்னை அப்படிச் சொல்ல மாட்டாள்.

"அது நான் இல்ல" என்றேன்.

"தெரியும்."

மேலே மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோனது போல இருந்தது. நிற்கவில்லை. கட்டில் கால் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

"எப்பலேருந்து?"

"மொதல்ல நீங்கதான்னு நெனச்சேன். திருந்திட்டாரு போலன்னு சந்தோஷம்கூடப் பட்டேன். அப்புறம் கதவுகிட்ட குதிக்கறதப் பாத்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பெட்டியத் தூக்கிப் போடச் சொல்லுவீங்க." அவள் குரல் இறங்கியது. "சொல்லத்தானே கூப்பிட்டீங்க?"

கோபமாகப் பேசத்தான் நினைத்தேன். வந்தது வேறு. "நான் உனக்கு யாரு?"

"என்ன கேள்வி இது? நீங்க என் வீட்டுக்காரர். அதுல என்ன சந்தேகம்? ஆனா நீங்க அங்க இருக்கீங்க. அவரு இங்க இருக்காரு."

"ப்ளக்கப் புடுங்கு."

"என்னங்க..."

"புடுங்குடீ!"

பாய்லர் எழுந்து உட்கார்ந்தான். போனில் அவள் எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. சுவர் ஓரம் போய் நின்றாள். ஸ்விட்சில் கை வைத்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஸ்விட்ச் எப்போதும் ஒரு கிறீச் சத்தம் போடும்.

கிறீச் சத்தம் வரவில்லை.

"இருங்க" என்று கிசுகிசுத்தாள். "கதவுகிட்ட எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு. இந்த ஒரு கட்டத்த மட்டும் முடிச்சிட்டு வந்துடறேன்."

போனை எதன் மீதோ வைத்தாள். துண்டிக்கவில்லை.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாய்லரும் கிட்டே வந்து காதை வைத்தான்.

இசை வேகமானது. கன்ட்ரோலரின் பட்டன்களை அவள் தட்டும் சத்தம் வந்தது. டக், டக், டக்.

பிறகு இன்னொரு டக்.

அது அவளுடைய தாளத்தில் இல்லை. கொஞ்சம் கனமான விரல். கொஞ்சம் நிதானமான விரல். நான் ஊரைவிட்டு வந்ததிலிருந்து இரண்டாவது கன்ட்ரோலர் அலமாரியில்தான் கிடக்கிறது. வி.பி.என். வழியாக ஆட கன்ட்ரோலர் வேண்டியதில்லை. அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

டக். டக்.

இரண்டு பேர்.

பக்கத்துப் பக்கத்தில்.

அவள் சிரித்தாள். என்னோடு இத்தனை நாள் ஆடியதில் ஒருமுறை கூட அப்படிச் சிரித்ததில்லை.

பாய்லர் என் கையிலிருந்து போனை மெல்ல வாங்கினான். அணைக்கப் போகிறான் என்று நினைத்தேன். அதற்குள் அந்தப் பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஆண் குரல். போனுக்கு மிக அருகில்.

"வேணாம்" என்றது அந்தக் குரல். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. "அவ விளையாடட்டும்."

இணைப்பு அறுந்தது.

நாங்கள் இருவரும் விளக்கை அணைக்காமலேயே படுத்தோம். ஈய வாசனை போகவில்லை. பாய்லர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகவே ஒவ்வொரு முறையும் வந்தது.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது. 'சாப்பிட்டீங்களா?' வி.பி.என். இணைந்திருந்தது. நான் இணைக்கவில்லை. என் பழைய சாவியை எடுத்துவிட்டு, வேறொரு சாவி போட்டிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'விருந்தாளி' என்று இருந்தது. எதையும் மாற்ற எனக்கு அனுமதி இல்லை. விளையாடவும் இல்லை. பார்க்கலாம். பார்த்தேன். சிவப்பும் நீலமும் நான் இதுவரை போகாத ஒரு தளத்தில் நின்றிருந்தார்கள். பாய்லர் நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டான். 'சாப்பிட்டேன்' என்று அவளுக்குப் பதில் அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.